செய்த கை எது?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

முன்னுரை

ஒரு பொருளைக் கையில் எடுத்தவுடன் நாம் கேட்கும் முதற் கேள்வி, "என்ன விலை?" என்பது. அடுத்த கேள்வி, "கொஞ்சம் குறைத்துத் தருவீர்களா?" என்பது. "இதை யார் செய்தார்? எந்த ஊரில் செய்தார்? எதைக் கொண்டு செய்தார்?" என்று கேட்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். அந்த ஒருவராக நாம் ஒவ்வொருவரும் ஆக முடியும். அதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. சிறிது அறிவும் சிறிது பொறுமையும் போதும்.

சென்னை மாநகரின் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும் கையால் செய்த நம் நாட்டுப் பொருள்கள் எங்கே கிடைக்கின்றன, அவற்றின் தரத்தை ஒரு மாணவன் எப்படி ஆராய்ந்து அறியலாம், அவற்றை வாங்குவதால் யாருக்கு நன்மை என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். அறிவியல் மாணவன் எழுதுவதால் ஆங்காங்கே சிறிது இயற்பியலும் வேதியியலும் தலை காட்டும். கலைப்பிரிவு நண்பர்கள் பொறுத்தருள்க.

துணிக்காகப் பிறந்த ஊர்

சென்னை, துணிக்காகப் பிறந்த ஊர். 1639ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இக்கடற்கரையில் ஒரு துண்டு நிலம் பெற்றபோது இங்கே கப்பல் ஒதுங்க நல்ல துறைமுகம் இல்லை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் நல்ல பருத்தித் துணி கிடைத்தது. அதை வாங்கிக் கப்பலேற்றவே கோட்டை எழுந்தது; கோட்டையைச் சுற்றி ஊர் எழுந்தது. துணி போதாமற் போகவே, 1734ஆம் ஆண்டளவில் கூவத்தின் வளைவில் நெசவாளர்களுக்கென்றே ஒரு குடியிருப்பை அமைத்தனர். சிறிய தறிகளின் பேட்டையாகிய அந்தச் 'சின்னத் தறிப்பேட்டை'தான் இன்று நாம் சொல்லும் சிந்தாதிரிப்பேட்டை. பெயரில் தறி இருக்கிறது; தெருவில் தறி ஓசை இல்லை.

இதைப் போலவே புரசைவாக்கத்தை அடுத்த கொசப்பேட்டையும் குயவர்களின் பேட்டையாகப் பெயர் பெற்றது. அங்கே மட்டும் இன்றும் விநாயகர் சதுர்த்தி நெருங்கும்போது களிமண் பிள்ளையார்கள் வாசல்தோறும் காய்வதைக் காணலாம்.

இந்நகரில் கைத்தொழிலுக்குக் கல்வியும் உண்டு. 1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் இங்கே ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. ஆகவே கைவினைப் பொருளைத் தேடிச் செல்வது இந்த ஊருக்குப் புதிய நாகரிகம் அன்று, பழைய வழக்கமே.

மயிலை மாட வீதிகள்

நம் தேடலை மயிலாப்பூரில் தொடங்குவது பொருத்தம். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு மாட வீதிகளையும் அவற்றிலிருந்து பிரியும் சந்துகளையும் ஒரு மாலைப் பொழுதில் நடந்து பார்த்துவிடலாம். கடைகள் சிறியவை. பல கடைகளில் உரிமையாளரே விற்பனையாளர். நாம் கேட்கும் கேள்விக்கு அவரே விடை சொல்வார் என்பது சிறு கடையின் முதற் சிறப்பு.

கச்சேரி சாலையிலுள்ள டப்பா செட்டி கடை நூறாண்டைக் கடந்த நாட்டு மருந்துக் கடை. மூலிகைகளையும் சரக்குகளையும் தகர டப்பாக்களில் நிரப்பி வைத்திருந்ததால் மக்கள் இட்ட பெயர் அது. சுக்கு, திப்பிலி, அதிமதுரம், வசம்பு முதலிய சரக்குகளும், குழந்தை பெற்ற தாய்மார்களுக்கான லேகியமும், நலுங்கு மாவும் வாங்க மூன்று தலைமுறையாக ஒரே கடைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். விளம்பரப் பலகை கொடுக்காத நம்பிக்கையை வழிவழி வரும் பழக்கம் கொடுக்கிறது.

பாத்திரக் கடைகளில் ஈயச் சொம்பைக் காணலாம். ஈயச் சொம்பில் வைத்த ரசத்தின் மணத்தை அறிந்தவர்கள் அதை விடமாட்டார்கள். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தமிழில் 'ஈயம்' என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. வெள்ளீயம் சமையலுக்கு உகந்தது, காரீயம் நஞ்சு. இரண்டையும் வேறுபடுத்த நம் ஆர்க்கிமிடீசு பாடமே உதவும். வெள்ளீயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.3 கிராம், காரீயத்தின் அடர்த்தி 11.3 கிராம். 500 கிராம் எடையுள்ள சொம்பு தூய வெள்ளீயமாயின் நீரில் முழுதும் அமிழ்த்தும்போது ஏறத்தாழ 68 மில்லிலிட்டர் நீரை இடம் பெயர்க்கும். முழுதும் காரீயமாயின் 44 மில்லிலிட்டர்தான் இடம் பெயரும். சிறிதளவே காரீயம் கலந்திருந்தால் இந்த எளிய சோதனை காட்டிக்கொடுக்காது. அதற்கு வேதியியல் ஆய்வகம் வேண்டும். எனவே நம்பகமான கடையில் கேட்டு வாங்குவதே முதற் பாதுகாப்பு. வாங்கிய பின்னும் வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றலாகாது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை, நீர் கொதிக்கும் வெப்பநிலையை ஒட்டியே பாத்திரமும் நிற்பதால் தப்பிக்கிறது. பாட்டிமார்கள் இந்த விதியைச் சூத்திரம் இல்லாமலே கடைப்பிடித்து வந்திருக்கிறார்கள்.

அருகிலேயே கல்சட்டியும் கிடைக்கும். மாக்கல்லைக் குடைந்து செய்வது இது. சூடேற நேரமாகும், சூடேறிவிட்டால் எளிதில் ஆறாது. அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். புதுச் சட்டியை நேராகத் தீயில் வைத்தால் விரிசல் விடும். மஞ்சளும் எண்ணெயும் தடவி, வடித்த கஞ்சியைச் சில நாள் ஊற்றி வைத்துப் பழக்கிய பின்னரே அடுப்பேற்ற வேண்டும். இதைக் கடைக்காரரே பொறுமையாகச் சொல்லித் தருவார். பெட்டியில் அடைத்து வரும் பொருளோடு இத்தகைய பாடம் வருவதில்லை.

நவராத்திரி நெருங்கினால் வடக்கு மாட வீதி முழுவதும் பொம்மைகளாகிவிடும். பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரையை அடுத்த விளாச்சேரி முதலிய ஊர்களின் பொம்மைகள் நடைபாதையில் கொலு வீற்றிருக்கும். அவற்றில் சுட்ட மண் பொம்மை உண்டு. காகிதக் கூழ் பொம்மை உண்டு. பாரிசுச் சாந்தை அச்சில் வார்த்ததும் உண்டு. வண்ணம் பூசிய பிறகு மூன்றும் ஒன்றுபோல் தோன்றும். திருப்பி வைத்து வண்ணம் படாத அடிப்பக்கத்தைப் பார்த்தால் உண்மை விளங்கும். சிவந்திருந்தால் சுட்ட மண். கையில் பஞ்சுபோல் இலேசாக இருந்தால் காகிதக் கூழ். சுண்ணாம்பு போல வெளுத்துக் கனத்திருந்தால் பாரிசுச் சாந்து.

மிருதங்கம் கற்பிக்கும் பாடம்

மயிலையில் என்னை மிகவும் கவர்ந்தவை மிருதங்கம் செய்யும் சிறு பட்டறைகளே. மார்கழி இசை விழா நெருங்கும்போது அங்கே மூச்சுவிடவும் நேரம் இருக்காது. பலா மரத்தைக் குடைந்த கட்டைக்கு இருபுறமும் தோல் போர்த்தி, எருமைத் தோல் வாரால் இழுத்துக் கட்டுகிறார்கள். தட்டுகளுக்கு மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் பயன்படுகின்றன. வலந்தலையின் நடுவில் கறுப்பு வட்டம் ஒன்று இருக்கிறதே, அதுதான் உயிர்நிலை. கிட்டான் கல்லைப் பொடியாக்கி, வடித்த சோற்றோடு பிசைந்து, சிறிது சிறிதாக அப்பி, ஒவ்வொரு பூச்சையும் கல்லால் தேய்த்து உலர்த்தி அந்த வட்டத்தை உருவாக்குகிறார்கள்.

"எத்தனை பூச்சு என்று கணக்கு உண்டா, அண்ணே?" என்று ஒரு பட்டறையில் கேட்டேன்.

"கணக்கு காதுல இருக்கு, தம்பி. தேய்க்கும்போதே போதும்னு அதுவே சொல்லும்," என்றார் அவர், தலை நிமிராமல்.

அந்தக் காதின் கணக்கை எண்ணில் எழுதிக் காட்டியவர் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சர். சி. வி. இராமன். வெறும் வட்டத் தோலைத் தட்டினால் எழும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என ஒழுங்கற்ற விகிதங்களில் அமையும். அதனால்தான் சாதாரணப் பறையொலியில் சுருதி நிற்பதில்லை. நடுவில் கறுப்புப் பூச்சால் எடை ஏற்றும்போது இவ்விகிதங்கள் மாறி, 1, 2, 3, 4, 5 என்னும் முழு எண் வரிசைக்கு நெருங்கி வருகின்றன. கம்பி வாத்தியங்களுக்கே உரிய இந்த இசைவு தோல் கருவியிலும் கிடைப்பதை இராமனும் சிவகாளி குமாரும் 1920ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 1934ஆம் ஆண்டில் இராமன் இதனை மேலும் விரிவாக விளக்கினார். ஒன்பது வகை அதிர்வுகள் ஒன்றுகூடி ஐந்து சுரங்களாக இசைவதே இதன் இரகசியம். எந்தப் பாடநூலையும் படிக்காத கைகள் நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த விடையை எட்டியிருந்தன. அறிவியலார் பின்னர் வந்து 'சரி' என்று குறியிட்டனர்.

ஆயினும் கச்சேரி அழைப்பிதழில் பாடுபவர் பெயர் இருக்கும். வாசிப்பவர் பெயர் இருக்கும். கருவியைச் செய்தவர் பெயர் இருக்காது. மிருதங்கம் செய்யும் குடும்பங்களில் பலர் தலித் கிறித்தவர்கள். தோலைத் தேர்ந்து, பதமாக்கி, வெட்டி, கட்டி நாதம் வரவழைத்தவர்கள் அரங்கின் ஒளிக்கு வெளியிலேயே இருந்துவந்தனர். பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் நூல் இவர்களின் வரலாற்றைப் பெயர் சொல்லி எழுதியது. செய்தவர் பெயரைக் கேட்பது வெறும் ஆர்வத்தினால் எழும் கேள்வி அன்று. அது நீதியின் பாற்பட்ட கேள்வி என்பதை நான் இங்கேதான் உணர்ந்தேன்.

தியாகராய நகரின் பட்டு

அடுத்து தியாகராய நகர். நீதிக்கட்சித் தலைவர் சர். பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கிய பகுதி இது. அவர் நெசவுச் சமூகத்தில் பிறந்தவர். தாமே நெசவாலை நடத்தியவர். அவர் பெயரால் அமைந்த நகர் தமிழ்நாட்டின் மிகப் பெரிய சேலைச் சந்தையாக வளர்ந்தது எவ்வளவு பொருத்தம்! நல்லி சின்னசாமி செட்டியார் 1928ஆம் ஆண்டில் இங்கே கடை தொடங்கினார். அதன்பின் எழுந்த பட்டுக் கடைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டுத் திருமணங்கள் எல்லாம் அவற்றின் படியேறியவையே.

இங்கே என் சொந்தச் செய்தி ஒன்றைக் கூறுதல் பொருந்தும். என் பாட்டனார் ஆரணிக்கு அருகில் குழித்தறியில் பட்டு நெய்தவர். பாவும் ஊடையும் முதலாளி கொடுப்பார். சேலை முடிந்ததும் முதலாளியே எடுத்துச் செல்வார். தாம் நெய்த சேலையை யார் உடுத்தினார் என்று அவர் ஒருநாளும் அறிந்ததில்லை. என் தந்தையார் தறியை விட்டுச் சென்னைக்கு வந்து, தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் சேலைகளை விரித்துக் காட்டும் வேலையில் இருக்கிறார். காலை முதல் இரவு வரை நின்றபடியே வேலை. கடை ஊழியர்க்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டில்தான் சட்டத் திருத்தம் வந்தது. நெய்தவருக்கு உடுத்துபவரைத் தெரியாது. விரித்துக் காட்டுபவருக்கு நெய்தவரைத் தெரியாது. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆளான நான் இவ்விரண்டு அறியாமைக்கும் நடுவில் நின்று இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இனி, பட்டை அறியும் வழி. முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை எடுத்துத் தீயில் காட்டுக. பட்டு புரதத்தால் ஆனது. நம் தலைமயிரும் அப்படியே. ஆகையால் பட்டு, மயிர் கருகும் நாற்றத்தோடு கருகி, விரலிடையில் பொடியாகும் கரியாக நிற்கும். பருத்தியும் செயற்கைப் பட்டாகிய ரேயானும் தாவர நார்கள். அவை காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டரோ உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகும். சரிகையின் இழையை மெல்லச் சுரண்டிப் பார்த்தால், மரபு வழிச் சரிகையில் வெள்ளித் தகட்டுக்கு உள்ளே சிவப்புச் சாயமிட்ட பட்டு நூல் தெரியும். செம்புக் கம்பியோ வெறும் நெகிழி மினுக்கோ தெரிந்தால் அது வேறு சரிகை. வேறு சரிகையை விற்பது குற்றமன்று. வெள்ளிச் சரிகை என்று சொல்லி விற்பதே குற்றம்.

காஞ்சிபுரம் சேலையின் தனிச்சிறப்பு கோர்வை. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இருக்க, மூன்று நாடாக்களைக் கொண்டு இரண்டையும் பிணைத்து நெய்கிறார்கள். ஒருவர் நெய்ய, மற்றொருவர் பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவை வீசித் தர வேண்டும். அதனால்தான் கூலியும் கூடுகிறது. விசைத்தறி அதன் தோற்றத்தை நகல் எடுக்கலாம். ஆனால் உண்மைக் கோர்வையில் உடல் நிற ஊடை கரைக்குள் புகாமல் சந்தியிலே திரும்பிவிடும். சேலையைப் புரட்டிப் பார்த்தால் இது தெரியும்.

முத்திரைகளைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். மூன்று முத்திரைகள் மூன்று வெவ்வேறு செய்திகளைச் சொல்கின்றன. 2004ஆம் ஆண்டில் வந்த 'சில்க் மார்க்' இது தூய பட்டு என்று மட்டுமே கூறும். கைத்தறியா விசைத்தறியா என்று கூறாது. 2006ஆம் ஆண்டில் வந்த கைத்தறி முத்திரை, கைத்தறியில் நெய்தது என்பதைக் கூறும். புவிசார் குறியீடு, அந்தந்த ஊருக்கு உரிய பொருள் இது என்பதைக் கூறும். இதற்கான சட்டம் 1999ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2003ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா முழுமைக்குமான பதிவகம் நம் கிண்டியில்தான் இருக்கிறது என்பது பல நண்பர்களுக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமக்காளம், சுவாமிமலை வெண்கலச் சிலை, தஞ்சாவூர் ஓவியம், நாகர்கோவில் கோயில் நகை, பத்தமடைப் பாய் முதலியன அங்கே பதிவு பெற்றவை. ஒரே முத்திரையைப் பார்த்துவிட்டு மூன்று உறுதிகளையும் பெற்றதாக எண்ணிவிடக் கூடாது.

அடையாறும் கடற்கரைச் சாலையும்

அடையாற்றைக் கடந்து திருவான்மியூரை அடைந்தால் கலாக்ஷேத்திரம். 1936ஆம் ஆண்டில் ருக்மிணி தேவி அருண்டேல் நிறுவியது. நாட்டியத்துக்குப் புகழ்பெற்ற இந்நிறுவனம் அடுத்த ஆண்டே நெசவையும் தொடங்கியது என்பதைப் பலர் அறியார். மேடைக்கு ஏற்ற சேலை சந்தையில் இல்லையெனில் தாமே நெய்துகொள்வது என்பது அவர்கள் முடிவு. பழைய கரைகளும் வண்ணச் சேர்க்கைகளும் இதனால் மறையாமல் நின்றன.

அங்கே கலம்காரிப் பணியும் வளர்ந்தது. இதிலே ஓர் அழகிய வேதியியல் அடங்கியுள்ளது. துணியைக் கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்த நீரில் தோய்க்கிறார்கள். பழைய இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பல நாள் ஊறவைத்துப் புளிக்கச் செய்கிறார்கள். அந்த நீரைத் தொட்டுத் துணியில் கோடு இழுத்ததும், இரும்பும் கடுக்காயின் துவர்ப்புப் பொருளும் கூடி அழியாக் கறுப்பு பிறக்கிறது. படிகாரம் தொட்ட இடத்தில் சிவப்புச் சாயம் பற்றிக்கொள்கிறது. பாட்டி காலத்துக் கடுக்காய் மை இந்த வினையால் வந்ததே. ஆய்வகத்தில் நிறமாற்றத்தைக் குறிப்பேட்டில் எழுதும் நாம் அதைத் துணியில் ஒருமுறை கண்டால் என்றும் மறக்கமாட்டோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மேலும் தெற்கே சென்றால், ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம் உள்ளது. கே. சி. எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் 1966ஆம் ஆண்டில் நிறுவியது. ஓவியம் மட்டும் விற்றுச் சோறு உண்ண முடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆகவே பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தைக் கொண்டே ஓவியத்தை வளர்த்தார்கள். கைத்தொழில் கலைக்குச் சோறிட்டதற்கு இது கண்கூடான சான்று. அதற்கும் அப்பால் முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்திரா. அங்கே தென்னாட்டு வீடுகளை நடந்து பார்க்கலாம். கைவினைஞர் வேலை செய்வதையும் காணலாம்.

அண்ணா சாலையின் பழைய கடைகள்

நடுச் சென்னையில் பொதுநிறுவனங்களின் கடைகள் சில உண்டு. அண்ணா சாலையிலுள்ள விக்டோரியா டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட், 1887ஆம் ஆண்டு விக்டோரியா அரசியாரின் பொன்விழா நினைவாக எழுந்தது. ஊர்ப்புறத்துப் பெண்களின் தையற்பூ வேலைக்கு அது நெடுங்காலமாக விற்பனைக் களமாக இருந்துவருகிறது. அதே சாலையில் பூம்புகார் விற்பனை நிலையம். 1973ஆம் ஆண்டில் அமைந்த தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தினுடையது. எழும்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கோ-ஆப்டெக்ஸ், 1935ஆம் ஆண்டில் தோன்றிய நெசவாளர் கூட்டுறவு நிறுவனம். சில பட்டுச் சேலைகளோடு நெசவாளரின் பெயரும் படமும் கொண்ட அட்டையைச் சேர்த்து விற்ற பெருமை கோ-ஆப்டெக்சுக்கு உண்டு. ஒரு சிறு அட்டைதான். ஆனால் என் பாட்டனாருக்கு அத்தகைய அட்டை ஒன்று கிடைத்திருந்தால், அவர் அதைத் தறிக்கு மேலே மாட்டி வைத்திருப்பார்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

எந்தக் கடையானாலும் நாம் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். முதலாவது, இது எந்த ஊரில் செய்தது? இரண்டாவது, எந்தப் பொருளால் செய்தது? மூன்றாவது, இதில் கைவேலை எவ்வளவு, இயந்திர வேலை எவ்வளவு? நான்காவது, செய்தவரிடமிருந்து நேரே வாங்குகிறீர்களா, இடையில் வேறு கை உண்டா?

நல்ல கடைக்காரர் இவற்றுக்கு மகிழ்ந்து விடையளிப்பார். தெரியாததைத் தெரியாது என்பார். 'எல்லாமே கைவேலைதான்' என்று பொதுவாகச் சொல்லிப் பேச்சை மாற்றுபவரிடம் கவனம் தேவை. பெரிய கடை எல்லாம் மோசம், சிறிய கடை எல்லாம் நேர்மை என்று நான் சொல்ல வரவில்லை. கையால் செய்தது எல்லாம் உயர்ந்தது, இயந்திரத்தில் செய்தது எல்லாம் தாழ்ந்தது என்பதும் என் கருத்தன்று. விசைத்தறித் துணிதான் ஏழைக்கு மலிவாக உடை தந்தது. கைத்தறி என்று பெயர் சூட்டி விசைத்தறித் துணியை விற்கும்போதுதான் நெசவாளனுக்கு உரிய கூலி களவு போகிறது. இதைத் தடுக்கவே 1985ஆம் ஆண்டில் சில துணிவகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கிச் சட்டம் வந்தது. தொடக்கத்தில் 22 வகைகள் ஒதுக்கப்பட்டன. இன்று அவை 11 ஆகக் குறைந்துவிட்டன.

விலை அதிகமா?

'நாமோ மாணவர்கள். பேருந்துக் கட்டணத்துக்கே கணக்குப் பார்க்கிறோம். கைவினைப் பொருள் பணக்காரர் வீட்டு அலங்காரம் அன்றோ?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. பட்டுச் சேலையும் வெண்கலச் சிலையும் நமக்கு எட்டாதவைதாம். ஆனால் மண் அகல், பனையோலைப் பெட்டி, கைத்தறித் துண்டு, மரச் சொப்பு, களிமண் பிள்ளையார், நாட்டு மருந்துப் பொடி ஆகியவை எட்டாதவையல்ல. ஒரு கைத்தறித் துண்டு பல முறை துவைக்கத் துவைக்க மென்மையாகி, நீரை நன்றாக உறிஞ்சும். ஆண்டுக் கணக்கில் உழைப்பதையும் விலையோடு சேர்த்து எண்ண வேண்டும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2019-20ஆம் ஆண்டின் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருக்கிறார்கள். நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் மாத வருமானம் 5000 ரூபாய்க்கும் குறைவு. நாம் சந்தையில் பேரம் பேசிக் குறைக்கும் தொகை பெரும்பாலும் கடைக்காரரின் இலாபத்தில் குறைவதில்லை. அடுத்த முறை செய்பவரின் கூலியில் குறைகிறது. நூல் விலை குறையாது, கடை வாடகை குறையாது, வரி குறையாது. குறையக்கூடியது கூலி ஒன்றே. இதனால் தறியை விட்டுப் பிள்ளைகள் வெளியேறுகிறார்கள். நான் வெளியேறியதும் அவ்வாறே. கல்வி கிடைத்ததற்கு மகிழ்கிறேன். தறி நின்றதற்கு வருந்துகிறேன். இரண்டும் உண்மை. தொழில் செய்பவனின் மகன் படிக்கவும் வேண்டும். அவன் விரும்பினால் அந்தத் தொழிலிலேயே மானத்தோடு வாழவும் வழி வேண்டும். அந்த வழியைத் திறந்து வைப்பதில் அரசுக்கும் பங்கு உண்டு. வாங்குபவர்க்கும் பங்கு உண்டு.

முடிவுரை

1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் அறிவிக்கப்பட்டது. அந்நாளையே 2015 முதல் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடுகிறோம். அதன் முதல் விழா நடந்தது நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டு மண்டபத்தில். அன்று நம் முன்னோர் அயல்நாட்டுத் துணியை எரித்தனர். இன்று எதையும் எரிக்க வேண்டியதில்லை. வாங்குமுன் ஒரு கேள்வி கேட்டால் போதும்.

நம் கல்லூரியிலிருந்தே இதனைத் தொடங்கலாம் என்பது என் பணிவான வேண்டுகோள். விளையாட்டு விழாவிலும் முத்தமிழ் விழாவிலும் ஆண்டுதோறும் நெகிழிக் கேடயங்களைப் பரிசாக வழங்குகிறோம். அவை சில மாதங்களில் முலாம் உதிர்ந்து பரண் ஏறுகின்றன. அவற்றுக்கு மாற்றாக ஒரு பத்தமடைப் பாய்த் தடுக்கு, ஒரு கைத்தறித் துண்டு, ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை என்று வழங்கினால் என்ன? செலவு கூடாது. பரிசுச் சீட்டில் வென்றவர் பெயருக்குக் கீழே, ஊரும் செய்தவர் பெயரும் ஒரு வரியில் இடம்பெறட்டும். பேரவைத் தலைவர்களும் பேராசிரியப் பெருமக்களும் இதனைக் கருதிப் பார்க்க வேண்டுகிறேன். மயிலைக்கும் அண்ணா சாலைக்கும் சென்று பொருள்களைத் தேர்ந்து வர ஆட்கள் தேவையெனில், இயற்பியல் துறை இரண்டாமாண்டு மாணவர்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.